மண்ணில் பிறந்த மோட்டார் கார்

கொலுப் படியில் வீற்றிருக்கும் பொம்மைகளில் ஒன்றை எடுத்து, தலைகீழாகப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே மகாலக்ஷ்மியின் முகம் பளபளவென்று ஜொலிக்கும். புடவைக் கொசுவம் மடிப்பு மடிப்பாய்த் தெரியும். உள்ளேயோ வெறும் கூடு. அதிலும் ஒரே சொரசொரப்பு. பொம்மை செய்தவரின் விரல் அழுந்திய தடம்கூட அங்கங்கே இருக்கும்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு லக்ஷ்மியையும் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்தால், நவராத்திரி வந்து போய் மறு நவராத்திரியும் வந்துவிடும். ஆகையால் பொம்மைக்காரர் முதலில் ஒரே ஒரு பொம்மையை மனசு வைத்து மண்ணில் செய்கிறார். அதன்மேல் அச்சு எடுக்கிறார். பிறகு அந்த அச்சுக்குள் களிமண்ணையோ காகிதக் கூழையோ விரலால் அழுத்தி அப்பி, உலர்ந்ததும் பெயர்த்து எடுக்கிறார். அச்சைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் வழவழப்பு. விரலைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் சொரசொரப்பு. ஒரு அச்சு, நூறு லக்ஷ்மி!

இதே வித்தையைக் கொண்டு ஒரு மோட்டார் காரைச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், "போதுமே உங்கள் வேடிக்கை!" என்பீர்கள். ஆனால் வேடிக்கை இல்லை. அமெரிக்காவில் 1953-ஆம் ஆண்டில் ஒரு காரை அப்படித்தான் செய்தார்கள். எஞ்சினும் அடிச் சட்டமும் இரும்புதான், சக்கரம் ரப்பர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மேனி இருக்கிறதே, அது மண்ணில் பிறந்து, அச்சில் படிந்து, கண்ணாடி நூலில் உருவெடுத்தது. அந்தக் காரின் கதையையும், அந்த வேலை நடக்கிற விதத்தையும்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

படம் போதாதா?

"கார் செய்வதற்குக் காகிதத்தில் படம் போட்டால் போதாதா, மண் எதற்கு?" என்று கேட்கலாம். தையற்காரர் காட்டுகிற படத்தில் ரவிக்கை எவ்வளவு அழகாக இருக்கிறது! போட்டுப் பார்த்த பிறகுதானே தோள் ஏறி நிற்பதும் முதுகு சுருங்குவதும் தெரிகிறது? காரும் அப்படித்தான். படத்துக்கு நீளமும் அகலமும் உண்டு; பருமன் கிடையாது. அதைச் சுற்றி நடந்து பார்க்க முடியாது. கையால் தடவிப் பார்க்க முடியாது.

இதை நன்றாக உணர்ந்த மனிதர் ஹார்லி ஏர்ல். கலிபோர்னியாவில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் குதிரை வண்டி கட்டுகிறவர்; பிற்பாடு மோட்டாருக்கு மேற்கூடு கட்டுகிறவரானார். மகன் ஹாலிவுட் சினிமா நட்சத்திரங்களுக்கு அவரவர் ஆசைப்படி கார் அலங்கரித்துக் கொடுத்துப் பெயர் எடுத்தார். மற்றவர்கள் மரத்தைச் செதுக்கியும் தகரத்தைத் தட்டியும் மாதிரி செய்துகொண்டிருந்த காலத்தில், ஏர்ல் களிமண்ணைக் கையில் எடுத்தார். மரத்தில் கொஞ்சம் அதிகமாகச் செதுக்கிவிட்டால் போனது போனதுதான். மண்ணில் அந்தப் பயம் இல்லை. கூடினால் சுரண்டலாம், குறைந்தால் அப்பலாம். விரல் போன வழியெல்லாம் வளைவு வரும்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு அவர் உருவம் கொடுத்த 'லாஸால்' என்ற கார் 1927-ல் வெளியாயிற்று. அது நன்றாக விலை போனது. அதே வருஷம் அந்தக் கம்பெனி, காரின் அழகைக் கவனிப்பதற்கென்றே ஒரு தனி இலாகாவை ஏற்படுத்தி, அதற்கு அவரையே தலைவராக்கிற்று. அன்று முதல், மண்ணில் பார்க்காமல் காரைக் கட்டுவதில்லை என்பது மோட்டார் உலகத்தின் வழக்கமாகிவிட்டது.

காயாத களிமண்

மண் என்றதும் குயவர் சக்கரத்து மண்ணை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆற்று மண் காயும். காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். கார் மாதிரி செய்யும் மண்ணில் தண்ணீரே கிடையாது. மெழுகும் எண்ணெயும் நுண்ணிய பொடியும் கலந்து பிசைந்த மண் அது. அடுப்பில் வைத்துச் சூடு பண்ணினால் வெதுவெதுவென்று அல்வாப் பதத்துக்கு வரும். அப்படியே அப்புவார்கள். ஆறிவிட்டால் நன்றாகக் கெட்டிப்பட்டு, சுரண்டுவதற்குத் தோதாக நிற்கும். மாசக்கணக்கில் வைத்திருந்தாலும் வெடிக்காது.

காரளவு உருவத்தை முழுக்க மண்ணாலேயே நிரப்புவதில்லை. உள்ளே மரத்தாலும் இலேசான நுரைக் கட்டியாலும் எலும்புக்கூடு மாதிரி ஒன்று கட்டி, அதன் மேலே சில விரற்கடை கனத்துக்குத்தான் மண். அப்படியும் அந்த மாதிரியின் எடை நிஜக் காருக்குச் சளைத்ததல்ல!

பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. பல் வைத்த சுரண்டியால் குறுக்கும் நெடுக்கும் வாரி மேடு பள்ளத்தைச் சரி செய்கிறார்கள். வளைந்து கொடுக்கும் மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு கையாலும் வில் போலப் பிடித்து மெள்ள இழுக்கிறார்கள். இடது பக்கத்து வளைவுக்கு அட்டை வெட்டி, அதை வலது பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் ஆனபின் வண்ணம் பூசிய மெல்லிய படலம் ஒன்றை மண்ணின் மீது ஈரத்தோடு ஒட்டி, வெளிச்சத்தை விழச் செய்து பார்க்கிறார்கள். விளக்கின் பிம்பம் பக்கவாட்டில் நீளக் கோடாக ஓடும். அந்தக் கோடு ஓரிடத்தில் நெளிந்தாலும் போதும்: படலத்தை உரி, மறுபடி சுரண்டு!

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றும். இந்தத் தொழிலின் மர்மமே இங்கேதான் இருக்கிறது. அச்சுக்கு நல்லது கெட்டது தெரியாது. மண்ணில் ஒரு நகக்கீறல் இருந்தால் அச்சில் அது மெல்லிய வரம்பாக ஏறும். அச்சிலிருந்து வருகிற ஒவ்வொரு உருப்படியிலும் மறுபடி கீறலாக இறங்கும். நூறு உருப்படி எடுத்தால் நூறு கீறல். மண்ணில் ஐந்து நிமிஷத்தில் தீர்க்கக் கூடிய குறையை, பிற்பாடு நூறு தடவை தேய்த்துத் தீர்க்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் திருத்தாததை வளர்ந்த பிறகு திருத்துவது எத்தனை கஷ்டம் என்று தாய்மார்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அச்சு எடுக்கும் சாமர்த்தியம்

மண் உருவம் தயாரானதும் முதல் கவலை, அச்சு மண்ணோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்பது. இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகும்? ஆகையால் மண்ணின் மேல் முதலில் ஒரு பூச்சுப் பூசி அதன் நுண் துவாரங்களை அடைக்கிறார்கள். பிறகு மெழுகு தடவுகிறார்கள். அதன் மேல் இன்னொரு திரவத்தைப் பூசினால், அது காய்ந்து வெங்காயத் தோல் போல் மெல்லிய ஏடாகிறது. இந்த ஏடுதான் அச்சையும் மண்ணையும் பிரித்து வைக்கும்.

இரண்டாவது கவலை இன்னும் பெரியது. அச்சிலிருந்து உருப்படியை வெளியே எடுக்க வேண்டுமே! இட்லிக் குழி மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறுகலாகவும் இருப்பதால் இட்லி சுலபமாய் வருகிறது. அதுவே வாய் குறுகி வயிறு பெருத்த செம்புக்குள் இட்லி வார்த்தால்? செம்பை உடைத்தால்தான் உண்டு. கார் மேனியிலும் அப்படி உள்வாங்கிய இடங்கள் எத்தனையோ உண்டு. மட்கார்டின் அடி விளிம்பு உள்ளே மடங்கும். முன் மூஞ்சி சுருண்டு கீழே இறங்கும். அதற்கெல்லாம் ஒரே அச்சு பயன்படாது. கொழுக்கட்டை அச்சைப் போல இரண்டாகவோ மூன்றாகவோ பிரிகிற அச்சு வேண்டும்.

அதற்கு ஒரு யுக்தி செய்கிறார்கள். மண் உருவத்தின் மேல், அச்சுப் பிரிய வேண்டிய இடம் பார்த்து, மெல்லிய தகட்டால் ஒரு வேலி கட்டுகிறார்கள். வேலியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் அச்சு எடுக்கிறார்கள். அது இறுகிய பிறகு வேலியைப் பிடுங்கிவிட்டு, முதல் அச்சின் ஓரத்தில் மெழுகு தடவி, அதை ஒட்டியே மறுபக்கத்து அச்சை எடுக்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று கச்சிதமாய்ப் பொருந்தும். ஓரத்தில் துளை போட்டுத் திருகாணியால் முடுக்கினால் ஒரே அச்சு. கழற்றினால் இரண்டு அச்சு. வேலி எந்த இடத்தில் வர வேண்டும் என்று தீர்மானிப்பதில்தான் கைதேர்ந்தவர்களின் அனுபவம் தெரியும். பிரியும் கோடு நடு முதுகில் வந்தால் எல்லார் கண்ணிலும் படும். ஓர விளிம்பில் வந்தால் யாருக்கும் தெரியாது.

அச்சைப் பாரிஸ் சாந்திலும் எடுக்கலாம். பைபர் கிளாஸிலேயே எடுக்கலாம். எதில் எடுத்தாலும் முதுகுப் பக்கம் மரச் சட்டமோ இரும்புக் குழாயோ வைத்துக் கட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் நாளடைவில் அச்சே கோணிக்கொள்ளும். கோணல் அச்சில் நேரான கதவு பிறக்குமா?

கடைசியில் ஓரத்தில் ஆப்பு வைத்து மெள்ளத் தட்டி அச்சைப் பிரிக்கிறார்கள். அப்போது பெரும்பாலும் மண் உருவம் உடைந்து, சிதைந்து, துண்டு துண்டாக வரும். வாரக்கணக்கில் பாடுபட்டுச் செதுக்கிய உருவம்! ஆனால் யாரும் வருத்தப்படுவதில்லை. அதன் அழகு முழுவதும் அச்சுக்குள் பத்திரமாகக் குடியேறிவிட்டதே!

கண்ணாடி நூலும் உறை மோரும்

இனி பைபர் கிளாஸ் என்பது என்னவென்று பார்ப்போம். கண்ணாடி என்றால் உடையும் என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் அதை உருக்கித் தலைமயிரை விட மெல்லிசாக இழுத்துவிட்டால் அது வளையும், துவளும், துணி போல் நெய்யக் கூட வரும். 1932-ல் அமெரிக்காவின் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடிக் கம்பெனியில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் வேறு ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உருகிய கண்ணாடியின் மேல் அழுத்தக் காற்று பட்டு, அது நூல் நூலாகச் சிதறிற்று. தற்செயலாய் நேர்ந்த அந்தக் காரியத்திலிருந்து ஒரு பெரிய தொழிலே கிளம்பிவிட்டது. 1938-ல் கண்ணாடி நூலுக்கென்றே ஓவன்ஸ்-கார்னிங் என்ற தனிக் கம்பெனி ஏற்பட்டது.

நூல் மட்டும் இருந்தால் துணிதான். அதை விறைப்பாக்குவதற்கு ரெஸின் என்னும் செயற்கைப் பிசின் வேண்டும். பார்வைக்குத் தேன் மாதிரி இருக்கும். தனியாக இறுகிய பிசின் சுலபத்தில் நொறுங்கும். தனியாக இருக்கும் நூல் துவளும். இரண்டும் சேர்ந்துவிட்டாலோ அபார பலம்! கிராமத்தில் மண் சுவர் வைக்கும்போது வைக்கோலைக் கலந்து மிதிப்பார்களே, அதே தத்துவந்தான்.

பிசினை இறுக வைப்பது 'ஹார்டனர்' என்ற ஒரு திரவம். பாலுக்கு உறை மோர் குத்துகிற கணக்கு! நூறு பங்கு பிசினுக்கு ஒரு பங்கு, அல்லது இரண்டு பங்கு போதும். குறைந்தால் பிசுபிசுவென்று நிற்கும், இறுகவே இறுகாது. கூடினால் தானாகவே சூடேறி, அவசரமாய் இறுகி வெடித்துவிடும். வெயில் காலத்தில் தயிர் சீக்கிரம் தோய்கிறதல்லவா? இதுவும் அப்படியே. ஆகவே வேலை தெரிந்தவர் அன்றைய வெயிலைப் பார்த்துத்தான் அளவு போடுவார்.

உருப்படி எடுக்கும் முறை இதுதான். அச்சுக்குப் பல முறை மெழுகு தடவித் துடைக்கிறார்கள். முதலில் நிறம் கலந்த கெட்டிப் பிசினை அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுகிறார்கள். பின்னால் நாம் பார்க்கப் போகும் பளபளப்பான வெளி முகம் அதுதான். பொம்மைக்காரர் கடைசியில் வர்ணம் தீட்டுகிறார். இவர்கள் முதலிலேயே தீட்டிவிடுகிறார்கள்! அது தொட்டால் ஒட்டுகிற பதத்துக்கு வந்ததும், கண்ணாடி நூல் விரிப்பை வைத்துப் பிசினை ஊற்றி நனைக்கிறார்கள். சிறிய உருளையால் உருட்டி உருட்டி உள்ளேயிருக்கும் காற்றுக் கொப்புளங்களை விரட்டுகிறார்கள். மேலே இன்னொரு விரிப்பு, மறுபடி பிசின், மறுபடி உருளை. மூலை முடுக்கில் ஒரு கொப்புளம் தங்கிவிட்டால் போச்சு. அந்த இடத்தில் வெளிப் பூச்சுக்குப் பின்னால் ஆதாரமே இராது. இன்றைக்குத் தெரியாது, ஒரு நாள் வெயிலிலோ சிறு இடியிலோ பொத்துக்கொண்டு நிற்கும்.

முந்நூறு வெள்ளைக் கார்கள்

இப்போது 1953-க்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, இங்கிலாந்திலிருந்து வந்த சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார்களின் மேல் அமெரிக்க இளைஞர்களுக்கு மோகம் பிறந்திருந்தது. நம் தேசத்திலேயே அப்படி ஒன்று செய்தால் என்ன என்று ஹார்லி ஏர்ல் நினைத்தார். மண்ணில் உருவம் செய்தார்கள், அச்சு எடுத்தார்கள், கண்ணாடி நூலில் ஒரு கார் செய்தார்கள். 1953 ஜனவரி 17-ஆம் தேதி நியூயார்க்கில் வால்டார்ப்-அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் அதைக் கொண்டு வைத்தார்கள். பெயர் 'கார்வெட்'. சிறிய, வேகமான போர்க் கப்பல் ஒன்றின் பெயர் அது. வெள்ளை மேனி, சிவப்பு ஆசனம்! பார்த்தவர்களெல்லாம் "எப்போது விற்பீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

விற்பதென்றால் இரும்புத் தகட்டில்தான் செய்ய வேண்டும் என்பது அதுவரை இருந்த எண்ணம். ஆனால் தகட்டை அழுத்துவதற்கு எஃகு அச்சு வேண்டும். எஃகு அச்சுக்குப் பணமும் ஏராளம், காலமும் ஏராளம். பல்லாயிரம் கார் செய்தால்தான் கட்டுப்படியாகும். பைபர் கிளாஸ் அச்சோ சில மாதத்தில் தயாராகும். "ஆகட்டும், கண்ணாடி நூலிலேயே செய்வோம்" என்று தீர்மானித்தார்கள். ஓஹையோ மாகாணத்தில் ஆஷ்டபுலா என்ற ஊரில் ராபர்ட் மாரிசன் என்பவரின் பைபர் கிளாஸ் கம்பெனி, பாகங்களைச் செய்து கொடுக்க முன்வந்தது. கண்காட்சி நடந்து ஐந்தரை மாதத்தில், ஜூன் 30-ஆம் தேதி, மிச்சிகன் மாகாணத்து ஃபிளிண்ட் நகரில் முதல் கார் வெளியே வந்தது. அந்த வருஷம் செய்தது மொத்தம் 300 கார். அத்தனையும் வெள்ளை, அத்தனைக்கும் சிவப்பு ஆசனம்.

கண்ணாடி நூல் மேனியில் சில விசித்திரங்களும் இருந்தன. இரும்பு மேனி ரேடியோ அலையை மறிக்கும், இது மறிக்காது. ஆகவே ரேடியோவின் ஏரியலைப் பின்புறத்து மூடிக்குள்ளேயே மறைத்து வைத்துவிட்டார்கள். வெளியே கம்பி நீட்டிக்கொண்டிராது. துருப் பிடிக்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் கஷ்டமும் கூடவே வந்தது. கண்காட்சிக்கு ஒரு கார் செய்வது வேறு. ஒன்று போலவே முந்நூறு செய்வது வேறு. மேனி 46 துண்டுகளாக வந்தது. அவற்றை ஒட்டி ஒன்றாக்க வேண்டும். ஒரு துண்டில் நூல் விரிப்பு கொஞ்சம் தடித்துவிட்டால், அடுத்த துண்டு அதோடு பொருந்தாது. இடுக்கை நிரப்பு, தேய், மறுபடி பூசு என்று வேலை வளர்ந்துகொண்டே போயிற்று. மண்ணில் காட்டிய பொறுமையை ஒவ்வொரு துண்டிலும் காட்ட வேண்டியிருந்தது. வாங்கியவர்களுக்கும் குறை உண்டு. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது; உள்ளே கையை விட்டுத் திறக்க வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் சொருகிக்கொள்ளும் திரை. மழை பெய்தால் உள்ளே சொட்டும். இத்தனைக்கும் விலை 3,498 டாலர்!

மறு வருஷம் ஸெயின்ட் லூயிஸ் நகரத்துக்குத் தொழிற்சாலையை மாற்றி 3,640 கார் செய்தார்கள். வருஷக் கடைசியில் அவற்றில் ஏராளமானவை விற்காமல் நின்றன. 1955-ல் செய்தது வெறும் 700. "இந்தக் காரை நிறுத்திவிடலாமா?" என்ற பேச்சு எழுந்தது. அதே சமயத்தில் போட்டிக் கம்பெனியான போர்டு, 'தண்டர்பேர்டு' என்ற இரும்புக் காரை 1955 மாடலாகக் கொண்டுவந்து, முதல் வருஷத்திலேயே பதினாறாயிரத்துக்கு மேல் செய்துவிட்டது. எதிராளிக்கு முன்னால் கடையை மூட யாருக்குத்தான் மனசு வரும்? கார்வெட்டுக்குப் பலமான எட்டு ஸிலிண்டர் எஞ்சின் பொருத்தினார்கள். 1956-ல் மேனியை மறுபடி திருத்தி அமைத்து, ஏற்றி இறக்கும் ஜன்னல் கண்ணாடியும் வெளிக் கைப்பிடியும் வைத்தார்கள். கார் பிழைத்தது. இன்றுவரை பிழைத்திருக்கிறது. எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அதன் வெளி மேனி இரும்புக்கு மாறவே இல்லை. செய்முறை மாறியிருக்கிறது, நூலும் பிசினும் சேர்ந்த தத்துவம் மாறவில்லை.

இந்தக் கதையில் நம் சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. 1950-களில் ஏர்ல் தம் இலாகாவில் பல பெண் கலைஞர்களை நியமித்தார். அவர்களில் ரூத் கிளெனி என்பவர் 1958-ல் ஒரு கார்வெட்டை அலங்கரித்தார். நான்கு பருவத்துக்கும் நான்கு விதமான ஆசன உறைகள் அதற்கு! வேண்டாதபோது தானாகவே சுருண்டுகொள்ளும் ஆசன வாரையும் அதில் வைத்திருந்தார். அழகை மட்டுமல்ல, உயிரையும் காக்கிற யோசனை அல்லவா அது?

கைகளின் க்ஷேமம்

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. இத்தனை வழவழப்புக்குப் பின்னால் வேலை செய்கிற கைகள் படும் பாடு கொஞ்சமல்ல. பிசினிலிருந்து 'ஸ்டைரீன்' என்ற ஆவி கிளம்பும். கண் எரியும், தலை வலிக்கும். 2018-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிபுணர்கள், ஸ்டைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற வரிசையில் அதை ஒரு படி உயர்த்தி வைத்தார்கள். இறுகிய உருப்படியை அறுத்துத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள், தோலில் பட்டால் நாள் முழுவதும் அரிக்கும். மூச்சில் போனால் இன்னும் கெடுதல். ஹார்டனர் ஒரு சொட்டுக் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி, ஆவியைத் தடுக்கும் முகமூடி, இவை ஆடம்பரமல்ல, அவசியம். பெரிய தொழிற்சாலைகளில் இப்போது அச்சை மூடிவிட்டு உள்ளே பிசினைச் செலுத்தும் முறை வந்திருப்பதால், ஆவி வெளியே வருவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. சிறிய கொட்டகைகளிலோ இன்றும் வெறுங்கையோடு வேலை செய்கிறவர்களைப் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையோ உறவினரோ இந்தத் தொழிலில் இருந்தால், "முகமூடி போட்டுக்கொள்கிறாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் வாசலுக்கு வந்த கதை

பெரிய எஃகு அச்சு வாங்க முடியாதவர்களும் கார் செய்ய முடியும் என்பதல்லவா இந்த முறையின் மகிமை? நம் பக்கத்திலேயே அதற்கு ஓர் உதாரணம் உண்டு. பெங்களூரில் ஸிபானி கம்பெனி 1982-ல் 'டால்பின்' என்ற சிறிய காரை வெளியிட்டது. இங்கிலாந்தில் ரிலயன்ட் கம்பெனி செய்த காரைத் தழுவியது அது. மேனி பைபர் கிளாஸ். 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகு அதனால் தாக்குப் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் சிறிய கம்பெனி ஒன்று துணிந்து கார் கட்ட முடிந்ததற்குக் காரணம் இந்த அச்சு வித்தைதான்.

தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் போனால் மணலில் வரிசையாக நிற்கும் 'ஃபைபர்' படகுகளைப் பார்க்கலாம். கட்டுமரம் நின்ற இடத்தில் இன்று அவைதான் நிற்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு அவை இன்னும் பெருகின. எல்லாம் ஓர் அச்சில் பிறந்த பிள்ளைகள். அவ்வளவு தூரம் போவானேன்? பல வீடுகளில் குளியலறைக் கதவே பைபர் கிளாஸ்தான்.

அப்படி ஒரு சாமான் வாங்கப் போகும்போது கடைக்காரர் பளபளப்பைக் காட்டுவார். நீங்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் அதை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். வெளிச்சக் கோடு நெளியாமல் ஓடினால், மூல உருவம் செய்தவர் பொறுமைசாலி என்று அர்த்தம். பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நூல் எல்லா இடத்திலும் ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும். வெள்ளை வெள்ளையாய் உலர்ந்த நூலோ, கொப்புளமோ தெரிந்தால், உருளை உருட்டியவர் அவசரக்காரர்.

இந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, மண் எதற்கு என்றும் கேட்கலாம். கம்ப்யூட்டரும் இருக்கிறது, அது சொன்னபடி மண்ணைக் குடைகிற இயந்திரமும் இருக்கிறது. ஆயினும் பெரிய கார்க் கம்பெனிகளில் இன்றும் மண் மாதிரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இயந்திரம் குடைந்து முடித்த பிறகு, அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரிகிறது. அதைச் சரி செய்த பிறகுதான் வேலையை விடுகிறார்கள்.